தாய்: காலமானார்

கீழத்தருவை என்ற உப்பள ஊரில் பேச்சித்தாய் என்கிற பெண், தான் பெற்ற மகளுக்குத் தானே சித்தி என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் விடிந்ததிலிருந்து அவள் காலடி மண்ணில் பதியவில்லை. ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை மாசம் அது. ஊர் முழுக்கச் சேறு, நேற்று நடந்த கோழியின் காலை இன்றைக்கும் பார்க்கலாம் என்கிற அளவுக்குச் சேறு. அந்தச் சேற்றில் தண்ணி லாரியைப் பார்த்துப் பேச்சித்தாய் இடுப்பில் குடத்தோடு முன்னால் போக, பின்னால் போன பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம்தான் முதலில் கண்டது. தன் கால் புதைந்து புதைந்து எழும்புகிறது, முன்னால் போகிறவள் மிதித்த இடம் பூசி மெழுகிய மாதிரி அப்படியே கிடக்கிறது.

"ஏட்டி, ஒன் காலு பதியல பாரு" என்றாள்.

பேச்சித்தாய் நின்று திரும்பிப் பார்த்தாள். வந்த வழியையும் பார்த்தாள், பாதத்தைத் தூக்கியும் பார்த்தாள். பிறகு லாரிக்காரன் போய்விடுவான் என்று சொல்லிவிட்டு, குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

அந்தக் காகிதத்தை எழுதியது பியூலா. டவுனுக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் இருந்த குழந்தைகள் இல்லத்தில் அவள் களப்பணியாளர், ஊர்ப் பெண்களுக்கு டீச்சர். அந்த இல்லத்துக்கு நீளமான ஒரு பெயர் உண்டு, உப்பளத்து ஊர்களில் யாரும் அதைச் சொன்னதில்லை, ஹோம் என்றுதான் சொல்வார்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நல்ல மனசுக்காரர்கள் ஆளுக்கொரு குழந்தையை ஏற்றுக்கொண்டு பணம் அனுப்புவார்கள், ஹோம் அந்தக் குழந்தைக்குச் சோறும் துணியும் படிப்பும் கொடுக்கும், வருஷத்துக்கு ஒருமுறை குழந்தையின் படமும் மார்க்கும் அவர்களுக்குப் போகும். ஊர் ஊராகப் போய் எந்த வீட்டுப் பிள்ளை மெலிந்து கிடக்கிறது, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டது என்று பார்த்து ஹோமில் சேர்த்துவிடுவது பியூலாவின் வேலை. அவளே ஒரு ஹாஸ்டலில் வளர்ந்தவள். ஐந்து வயசில் அவளைக் கொண்டுபோய் விட்ட பெரியப்பா பிறகு எட்டிப் பார்க்கவே இல்லை, ஆனால் அங்கேதான் அவள் முதன்முதலாக ஒரு முழு முட்டையை யாரோடும் பங்கு போடாமல் தின்றாள். ஒரு பிள்ளையின் கையில் முழு முட்டையை வைப்பதற்காக எதையும் செய்யலாம் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கை தப்பு என்று இன்றைக்கும் அவளால் முழு மனசாகச் சொல்ல முடியவில்லை.

மழை மூன்று மாசமும் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகள் எல்லாம் மழைத்தண்ணீரில் முங்கிக் கிடக்கும், ஆட்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பார்கள், அடுப்பு ஒருவேளை எரிந்தால் உண்டு. பேச்சித்தாயின் புருஷன் கேரளத்துக்குத் தார் போடும் வேலைக்குப் போனவன், இரண்டு தீபாவளி கழிந்தும் ஆளும் இல்லை, தகவலும் இல்லை. மகள் சுபிதாவுக்கு ஏழு வயசு. பியூலா அந்தப் பிள்ளையின் மேல்கையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சுற்றிப் பிடித்தாள். விரல்கள் ஒன்றையொன்று தொட்டன.

சிக்கல் ஒன்றுதான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைத்தான் ஹோமில் சேர்ப்பார்கள். ஏழைப் பிள்ளை என்று எழுதினால் கடிதத்துக்குப் பதிலே வராது, அநாதைப் பிள்ளை என்று எழுதினால் திரும்பும் தபாலில் வரும் என்று டைரக்டர் ஞானராஜ் வருத்தத்தோடு சொல்வார். பியூலா பேச்சித்தாயின் வீட்டுக்குள் ஒழுகாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து ஃபாரத்தை மடியில் வைத்தாள். தந்தை என்ற இடத்தில் தகவல் இல்லை என்று எழுதினாள். தாய் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டுப் பேச்சித்தாயைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தைதான் பேச்சி. பேப்பருக்காக. நெசத்துல ஒண்ணும் ஆயிராது."

பேச்சித்தாய் மகளைப் பார்த்தாள், சரி என்று தலையாட்டினாள். எழுதி முடித்ததும் காகிதத்தை வாங்கி, ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்துக்கூட்டலில் மெதுவாக வாசித்தாள். தாய்: பேச்சித்தாய், காலமானார்.

"'ஆனார்'னு போட்டிருக்கியளே டீச்சர்" என்றாள். "என்னைய யாரும் இவ்வளவு மரியாதையா எழுதுனதில்ல."

குத்திக்காட்டுகிறாளோ என்று பியூலா அவள் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை. அதுதான் பின்னாளில் பியூலாவை விடாமல் அரித்தது. பாதுகாவலர் என்ற இடத்தில் செல்லத்தாய், சித்தி என்று அவள் எழுத, அந்த இல்லாத பெயரைப் பேச்சித்தாய் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டு ஃபாரத்தில் கையெழுத்தாகப் போட்டாள். ஹோமில் யார் முன்னாலும் அம்மா என்று கூப்பிடக்கூடாது, சித்தி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சுபிதாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளை கெட்டிக்காரி, மூன்று தடவையில் படித்துக்கொண்டாள்.

பேச்சித்தாயின் கால் பதியாமல் போனதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் வாரம் பிள்ளைகள் அவள் பின்னாலேயே போய் ஈரமணலில் நடந்து காட்டச் சொல்லிக் கெஞ்சினார்கள், அவளும் நடந்து காட்டினாள். இரண்டாம் வாரம் இசக்கியம்மன் கோயில் சாமியாடி வேப்பிலையால் தடவிப் பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை, இது ஏதோ எழுத்தில் வந்த கோளாறு என்றார். வேதக்கோயில் உபதேசியார், கடல்மேல் நடந்ததுபற்றி வேதத்தில் இருக்கிறது, சேற்றின்மேல் நடப்பதுபற்றி ஒன்றும் சொல்லவில்லை, இருந்தாலும் ஜெபிக்கிறேன் என்றார். சுகாதார நர்ஸ் சத்துமாத்திரை கொடுத்தார். மூன்றாம் வாரம் எல்லோருக்கும் பழகிவிட்டது, ஒருத்திக்கு இடக்கைப் பழக்கம், ஒருத்திக்குத் திக்குவாய், இவளுக்குக் கால் பதியாது, அவ்வளவுதான்.

தை பிறந்து தண்ணீர் வடிந்து, பாத்திகளை மிதித்துச் சமன்படுத்தும் வேலை தொடங்கியபோது கங்காணி சூசை இதில் ஒரு வசதியைக் கண்டார். மிதித்து மட்டப்படுத்திய பாத்திக்குள் கட்டியோ கல்லோ தெரிந்தால் யாராவது இறங்கித்தான் எடுக்க வேண்டும், இறங்கினால் குழி விழும், குழியை மூட இன்னொருத்தர் இறங்க வேண்டும், அவருடைய குழியை மூட இன்னொருத்தர். பேச்சித்தாய் இறங்கினால் அந்தத் தொல்லை இல்லை. அவளைத் தலைச்சுமையிலிருந்து எடுத்துவிட்டுப் பாத்தி பாத்தியாக இறக்கினார். அதைக் கேள்விப்பட்டு டவுனில் வீடு கட்டுகிற கொத்தனார்கள் அவளைக் கூப்பிட்டார்கள், புதிதாகப் பூசிய சிமெண்ட் தரையில் கரண்டியை மறந்து வைத்துவிட்டால் அவள் போய் எடுத்து வருவாள். கல்யாண வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள், வாசலை அடைத்துப் போட்ட மாக்கோலம் காய்வதற்குள் அவள் நடுவில் நடந்து போய் விளக்கை வைத்துவிட்டு வருவாள். இருந்தும் இல்லாத மாதிரி நடக்க வேண்டிய இடம் என்று உலகத்தில் இத்தனை இருக்கிறதா என்று பேச்சித்தாய்க்கே ஆச்சரியமாக இருந்தது.

பொங்கலுக்கு ஹோமிலிருந்து சுபிதா வந்தாள். கன்னத்தில் சதை வைத்திருந்தது, தலையில் எண்ணெய் மின்னியது, பாடப்புத்தகத்தை எடுத்துத் தெருவே கேட்க வாசித்தாள். தெருப் பெண்கள் கைவேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த முறை பியூலா ஊருக்கு வந்தபோது தங்கபுஷ்பம்தான் முதலில் வந்தாள், கையைப் பிடித்தபடி எட்டு வயசு மகன் ஜெகன். அவள் புருஷன் குடித்துக் குடித்து ஈரல் கெட்டு வீட்டோடு கிடந்தான்.

"எங்களையும் எழுதிருங்க டீச்சர்" என்றாள்.

பியூலா அவள் காலைப் பார்த்தாள். வருகிற வழியில் பேச்சித்தாய் பாத்திக்குள் நடந்ததைத் தன் கண்ணால் பார்த்திருந்தாள், ஏன் என்று யாரிடமும் கேட்கவில்லை, கேட்காமலே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பேனாவை எடுத்தாள். முதல் ஃபாரத்தைத் தெரியாமல் எழுதினேன் என்று சாக்குச் சொல்லலாம், இரண்டாவதற்குச் சாக்குக் கிடையாது. மறுநாள் தங்கபுஷ்பத்தின் கால் பதியவில்லை. முட்டிவலிக்கு நல்லதாக்கும் என்று அவள் சிரித்தாள். அடுத்த மழைக்குள் கீழத்தருவையில் கால் பதியாத பெண்கள் ஏழு பேர் ஆகிவிட்டார்கள், ஏழு பிள்ளைகள் ஹோமில் முட்டை தின்றார்கள்.

பியூலாவுக்கு ஊருக்குள் நடப்பது கஷ்டமாகிவிட்டது. அவர்கள் யாரும் அவள்மேல் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். வாங்க டீச்சர் என்று நாற்காலி போட்டார்கள், கடையில் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்கள், பிள்ளைக்கு இருமல் விட்டதா, கணக்கு வருகிறதா என்று கேட்டார்கள். பஸ்ஸுக்குப் போகும்போது வழியனுப்பக் கூடவே நடந்து வருவார்கள், ஈரமண்ணில் ஏழு பெண்களுக்கு நடுவில் அவள் செருப்புத் தடம் மட்டும் ஒற்றை வரிசையாகப் போகும். அதைப் பார்க்கக் கூசி, அவள் சுற்றுவழியாக இருந்தாலும் கருங்கல் பாவிய கரைமேலேயே போக ஆரம்பித்தாள்.

ஒருநாள் ஞானராஜிடம் சொல்லிவிட்டாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஹோமில் அம்மை போட்ட வருஷம் பத்து நாள் வீட்டுக்குப் போகாமல் பிள்ளைகளோடு கிடந்தவர், சொந்த நிலத்தை விற்றுக் கிணறு வெட்டியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: பிள்ளைகள் படிக்கிறார்களா இல்லையா, எடை கூடியிருக்கிறதா இல்லையா, அதைத்தான் நாம் ரிப்போர்ட்டில் எழுதுகிறோம், அம்மாவின் கால்தடத்துக்கு அதில் கட்டம் இல்லை. பியூலா எழுந்து வெளியே வந்தாள். வெளியே பிள்ளைகள் சத்தம் போட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் சரியாகச் சொன்னார்கள்.

சுபிதா லீவுக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதல் நாள் வாய் தவறிச் சித்தி என்று கூப்பிடுவாள், இரண்டாம் நாள் அம்மா ஆகிவிடும், திரும்பிப் போகிற அன்றைக்கு மறுபடி சித்தி. பேச்சித்தாய் அந்த இரண்டாம் நாளுக்காகக் காத்திருப்பாள். மூன்றாம் வருஷம் முழுப்பரீட்சை லீவில் பிள்ளை பன்னிரண்டு நாள் இருந்தது, பன்னிரண்டு நாளும் சித்தி. ஒருநாள் தலை சீவிக்கொண்டிருக்கும்போது, எங்கம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்களா சித்தி என்று கேட்டது. உன் அம்மா எப்படிச் செத்தார்கள் என்று ஹோமில் மற்றப் பிள்ளைகள் கேட்கக் கேட்க, அதுவாகவே ஒரு காய்ச்சலை உண்டாக்கி, அதற்கு ஒரு கிழமையும் வைத்து, சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்டது.

லீவு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப் போகப் பியூலா வந்த அன்றைக்கு, பஸ் ஸ்டாப் வெயிலில் பேச்சித்தாய் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். பஸ் தூரத்தில் தெரிந்த பிறகுதான் பேசினாள்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். என்னைய எத்தன வருஷத்துக்கு எழுதியிருக்கிய?"

பியூலாவுக்குப் புரியவில்லை. புரிந்தபோது பஸ் வந்து நின்றுவிட்டது, பிள்ளைகள் ஏறிவிட்டார்கள், கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அதற்கு ஒரு கெடு இருக்கும், கெடு முடிந்ததும் தானாகத் திரும்பிவிடும் என்று அந்தப் பெண் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பியூலாவும் ஏறினாள். அன்றைக்கு ஹோம் போய்ச் சேரும்வரை, ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்த சுபிதாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அந்த ஆவணியில் கோயம்புத்தூரிலிருந்து கடிதம் வந்தது. சுபிதாவை ஏற்றுக்கொண்டிருந்தவர் வத்சலா என்கிற ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் அம்மாள். தாயில்லாப் பெண்பிள்ளை வேண்டும் என்று கேட்டு வாங்கியவர், ஏனென்றால் ஆறு வயசில் அவருக்கும் தாய் போய்விட்டாள். பிள்ளையைப் பார்க்க வருவதாகவும், அதோடு அந்தத் தாய் அடக்கமாகியிருக்கிற இடத்தில் ஒரு மாலை வைக்க ஆசைப்படுவதாகவும் எழுதியிருந்தார். ஞானராஜ் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ஏதாவது ஒரு மேட்டைக் காட்டிவிடு பியூலா, நாற்பத்தொரு பிள்ளைகளின் சாப்பாடு இதில் இருக்கிறது என்றார். அவர் குரல் கெஞ்சியது.

பியூலா கீழத்தருவைக்குப் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பேச்சித்தாய் கேட்டுக்கொண்டாள். இடுகாட்டில் யாருடையது என்று தெரியாத ஒரு பழைய மேட்டை அவளே தேர்ந்தெடுத்து, புல்லைச் செதுக்கி, சரிந்த பக்கத்துக்கு மண் அணைத்து, தலைமாட்டுக் கல்லுக்குச் சுண்ணாம்பும் அடித்து வைத்தாள். நல்லா இருக்கா டீச்சர் என்று கேட்டாள். பியூலா நல்லா இருக்கு என்றாள். அந்த வார்த்தையைச் சொன்ன வாயால் அன்றைக்கு அவளால் எதையும் சாப்பிட முடியவில்லை.

வத்சலா வந்த நாளுக்கு முந்தின நாள் நல்ல மழை. ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு மூன்று பேரும் இடுகாட்டுக்கு நடந்தார்கள். சித்தி செல்லத்தாயாகப் பேச்சித்தாய் முன்னால், செவ்வந்தி மாலையோடு வத்சலா நடுவில், பியூலா கடைசியில். ஊர்ப் பெண்கள் தள்ளி ஒரு கூட்டமாக நின்று பார்த்தார்கள். வத்சலா மாலையை வைத்தார், கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். பிறகு பேச்சித்தாயின் பக்கம் திரும்பி, உங்க அக்கா எப்படிப்பட்டவங்க என்று கேட்டார். சுபிதா பெரியவளானதும் சொல்ல வேண்டும், எனக்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல யாருமே இல்லாமல் போய்விட்டது என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்து வைக்கவில்லை. பேச்சித்தாய் மாலை கிடந்த மேட்டைப் பார்த்தாள்.

"கோவக்காரி" என்றாள். "ஆனா பிள்ளய ஒருநாளும் கை நீட்டுனதில்ல. சோறு குழைஞ்சாத்தான் பிள்ள திங்கும்னு குழைய வடிப்பா. பாட்டு வராது, ஆனா பிள்ளைக்குப் பாடுவா. உப்பு அள்ளுத கை, எப்பமும் வெடிச்சிருக்கும், அதனால பிள்ள முகத்தப் புறங்கையாலதான் தடவுவா." கொஞ்சம் யோசித்தாள். "வேற ஒண்ணும் விசேசமில்ல. நல்லவளாத்தான் இருந்தா."

வத்சலா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் தரையைப் பார்த்தார். வந்த வழியில் இரண்டு பேர் நடந்த தடம்தான் இருந்தது. எண்ணிப் பார்த்தார், பேச்சித்தாயின் காலைப் பார்த்தார்.

"இவங்க நடந்த அடையாளமே காணோமுங்களே" என்றார்.

சேற்றுக்கு என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லலாம், பியூலா யோசித்தும் வைத்திருந்தாள். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருத்தி தன்னைத்தானே நல்லவள் என்று இறந்தகாலத்தில் சொல்லிக் கேட்ட பிறகு அவள் நாக்கு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இவங்கதான் பேச்சித்தாய்" என்றாள். "செத்துட்டாங்கன்னு நான்தான் எழுதினேன். அந்தா நிக்கிறாங்களே, இன்னும் ஆறு பேர், அவங்களையும் நான்தான் எழுதினேன்."

வத்சலா அந்த ஆறு பேரையும் பார்த்தார், மறுபடி பேச்சித்தாயைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்ததா, அவமானமா, என்ன என்று பியூலாவுக்குத் தெரியவில்லை.

"எங்கம்மா படத்துக்குப் பக்கத்துல உங்க பேரை எழுதி வச்சு, வெள்ளிக்கிழமை தவறாம விளக்கு வச்சேனுங்க" என்றார் பேச்சித்தாயிடம்.

பேச்சித்தாய் ஏதோ தன்மேல்தான் தப்பு என்பதுபோல அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீணாப் போகலம்மா" என்றாள். "நான் நல்லாத்தான் இருந்தேன்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. அதிகாரிகள் வந்து ஹோமின் ஃபைல்களைத் திறந்தார்கள். நாற்பத்தொரு பிள்ளைகளில் நிஜமாகவே யாரும் இல்லாதவர்கள் நான்கு பேர், மற்ற ஊர்களிலும் இதே எழுத்துதான் நடந்திருந்தது. ஞானராஜ் உதவி செய்தவர்கள் எல்லோருக்கும் தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினார், ஒருசிலர் பதில் போட்டார்கள், பெரும்பாலானோர் நிறுத்திவிட்டார்கள். ஹோம் மூடுவதற்கு முன்னால் பியூலா திருத்த ஃபாரங்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். ஒவ்வொரு தாயும் தாய் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள், போட்ட மறுநாள் கால் பதிந்தது. ஊர் இதையும் அதிகம் பேசாமல் எடுத்துக்கொண்டது. கங்காணி சூசைக்குத்தான் மனக்குறை, பேச்சித்தாயைத் திரும்பவும் தலைச்சுமைக்கு அனுப்பினார். தங்கபுஷ்பம் பழைய ஞாபகத்தில் டவுனில் ஒரு புது வீட்டு ஈரத்தரையில் இறங்கி விறுவிறுவென்று நடந்துவிட்டாள். பதினோரு தடம். கொத்தனார் தலையில் கை வைத்துவிட்டார், வீட்டுக்காரர் லட்சுமி வந்த மாதிரி இருக்கிறது என்று அதை அப்படியே விட்டுவிட்டார்.

ஹோம் காலியான அன்றைக்கு வேன் மாற்றி வேன் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. தகரப்பெட்டியோடு ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தபோது, எட்டு வயசு எப்சி பியூலாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். வேறு ஊரில் வேறு இல்லத்துக்குப் போக வேண்டிய நான்கு பேரில் அவள் ஒருத்தி. ஒரு வாரமாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், செத்துப்போனதாக இருந்த அம்மாக்கள் ஒவ்வொருத்தராக வந்து கேட்டில் நின்றார்கள்.

"என் ஃபாரத்தையும் நல்லாப் பாருங்க டீச்சர்" என்றாள். "எங்கம்மாவையும் தப்பா எழுதியிருப்பிய."

பியூலா அந்த ஃபாரத்தைப் பார்த்தாள். அதுதான் அவள் எழுதியதிலேயே உண்மையான ஃபாரம், ஒரு எழுத்துகூட மாற்ற முடியாது. எப்சி கூடவே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

மழைக்காலத்துக்குச் சரியாகப் பிள்ளைகள் வீடு திரும்பியிருந்தார்கள், அடுப்புகள் பழையபடி ஒருவேளைதான் எரிந்தன. பொய் சொன்னதற்காகக் குறுகிக் கிடந்த பியூலா இப்போது உண்மையைச் சொன்னதற்காகவும் குறுக வேண்டியதாயிற்று. தங்கபுஷ்பத்தின் மகன் ஜெகன் அந்தத் தையில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பாத்தியில் இறங்கிவிட்டான், வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்து அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் தரையைப் பார்ப்பாள். வத்சலாவிடமிருந்து, அவர் வந்துபோன இரண்டு மாசத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று எழுதியிருந்தால் இந்தப் பிள்ளையை நான் எடுத்திருப்பேனா என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன், எடுத்திருக்க மாட்டேன் என்றுதான் பதில் வருகிறது, ஆகவே உங்களை ஏச எனக்கு வாயில்லை என்று எழுதியிருந்தார். பிள்ளைகளைத் தாய்களிடமே விட்டுவைத்து என்ன உதவி செய்ய முடியும் என்றும் கேட்டிருந்தார். மழை மூன்று மாசத்துக்கு அந்த ஏழு வீட்டுக்கு அரிசி பருப்பும், ஆறு மைலுக்கு அப்பால் இருக்கிற அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போய்வர ஒரு வேனும் என்று அவரும் பியூலாவுமாகத் தொடங்கினார்கள். ஏழில் ஐந்து பிள்ளைகள் வேனில் ஏறின. ஜெகன் ஏறவில்லை, இன்னொரு பெண்பிள்ளையும் ஏறவில்லை. பியூலா டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் கீழத்தருவைக்கு வந்து அந்த இரண்டு வீட்டு வாசலிலும் நிற்பாள், அவர்கள் நாற்காலி போடுவார்கள்.

சுபிதா திரும்பி வந்து எட்டு மாசமாகியும் சித்தி என்றுதான் கூப்பிட்டாள். காகிதத்தில் எழுதியதைக் காகிதத்தில் அடிக்க முடிந்தது, பிள்ளையின் வாயில் எழுதியதை அடிக்க எந்த ஃபாரமும் இல்லை. விஷயத்தை எல்லாம் அவளிடம் சொல்லியாகிவிட்டது, சரி என்று கேட்டுக்கொண்டாள். விருந்தாளி மாதிரி இருந்தாள். போட்டதைச் சாப்பிட்டாள், போதும் சித்தி என்றாள், தட்டைத் தானே கழுவி வைத்தாள், பாயின் ஓரத்தில் கையைக் காலை ஒடுக்கிக்கொண்டு படுத்தாள், ஒருநாளும் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்கவில்லை. தங்கமான பிள்ளை என்று தெருவே சொன்னது. அப்படி யாராவது சொன்னால் பேச்சித்தாய் வேறு பக்கம் பார்ப்பாள். அவளும் பிள்ளையை வற்புறுத்தவில்லை, கூப்பிட்ட பெயருக்கே என்னட்டி என்று பதில் கொடுத்துக்கொண்டு இருந்தாள்.

ஆனியில் ஒரு மத்தியானம், கடையில் கூட்டம் குறைந்திருந்த நேரத்தில் பேச்சித்தாய் துணிக்கடைக்குள் வந்தாள். வேலைக்குப் போகவில்லை போல, தலை வாரிப் பூ வைத்திருந்தாள். பியூலா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு அவள் பக்கம் வந்தாள். பேச்சித்தாய் கல்லாவில் இருப்பவருக்குக் கேட்காமல் குனிந்து சொன்னாள்.

"நேத்து என்னையப் போட்டு ஏசிட்டா டீச்சர்."

"யாரு?"

"சுபிதாதான்." தெரியாத்தனமாகப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையைச் சிவப்புச் சேலையோடு ஊறப் போட்டுவிட்டாளாம், சட்டை முழுக்கச் சாயம் ஏறிவிட்டதாம். பிள்ளை வந்து பார்த்தது, வாளியை எட்டி உதைத்தது, நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு போவேன் என்று காலைத் தரையில் ஓங்கி மிதித்து அழுதது. பேச்சித்தாய்க்குச் சொல்லும்போதே மூச்சு வாங்கியது. "ஒனக்கு அறிவே கிடையாதா, நீயெல்லாம் ஒரு அம்மாவான்னு கேட்டா டீச்சர். அப்படியே கேட்டா. நீயெல்லாம் ஒரு அம்மாவா."

சித்தியிடம் யாரும் அப்படிக் கத்தமாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. பியூலா வெள்ளைத் துணிக் கட்டை எடுத்து மேசையில் உருட்டினாள். ஒரு சட்டைக்கு அளந்தாள், அளவு தப்பிவிட்டது, சுருட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து அளந்தாள். பேச்சித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அவ்வளவு சத்தம் டீச்சர்" என்றாள். "தெருவுக்கே கேட்டுச்சு."